அடிமரத்துக் காளான்

செல்வி அந்தப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தபோது ஆசிரியர் அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். பழைய செய்தித்தாளில் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தாள். கொழுந்து வெட்டி முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். பூட்ஸில் செம்மண், விரல்களில் தேயிலைக் கறை, இடுப்பில் இன்னும் பிளாஸ்டிக் விரிப்பு.

பிரித்தேன். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அகலத்தில் ஒரு மரக்காளான். மேல்பக்கம் வார்னிஷ் அடித்த நாற்காலி மாதிரி செம்பழுப்பாக மின்னியது. ஓரம் மட்டும் வெள்ளை. புரட்டி அடிப்பக்கத்தை நகத்தால் கீறினேன். கீறிய கோடு மெல்லப் பழுப்பாக மாறியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அவள் கணவர் மணியத்துக்கு இனிப்பு நீர் வியாதி. சீனர் மருந்துக் கடையில் இதே மாதிரி ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கிறார்களாம். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற அக்கேசியா மரத்தில் அது தானாகவே முளைத்திருக்கிறது. அவித்துக் குடிக்கலாமா, விஷமா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தாள்.

“எங்க இருந்துச்சு? கிளையிலயா, அடியிலயா?” என்று கேட்டேன்.

“அடியில டீச்சர். வேருகிட்ட. இன்னும் மூணு இருக்கு.”

“மரம் பட்டுப்போச்சா?”

“இல்லலா. பச்சையாத்தான் நிக்குது.”

இரண்டு பதில்களையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு தீர்ப்புச் சொன்னேன். விஷம் இல்லை; ஆனால் இதை நம்பி கிளினிக் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பொறுப்பாகப் பேசிவிட்டோம் என்று எனக்கு அன்று ரொம்பத் திருப்தி.

அந்தக் காளான் முளைத்த மரம்தான் பிறகு மணியத்தைக் கொன்றது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து உங்களைப் பதறவைக்க எனக்கு விருப்பம் இல்லை, யோக்கியதையும் இல்லை.

பட்டப்பெயர்

இந்தத் தொடரில் சென்ற வாரம், பிள்ளைகள் எனக்குக் ‘காளான் டீச்சர்’ என்று பெயர் வைத்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். அந்தக் கதையைக் கேட்டுச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பத்திரிகையிலிருந்தும் அழைத்து, ‘இந்த வாரம் அதையே கலகலப்பாக எழுதுங்கள், தொடர் கொஞ்சம் கனமாகப் போகிறது’ என்றார்கள். கலகலப்பாகத்தான் ஆரம்பித்தேன். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறை கிழித்தேன். இது நான்காவது.

கலகலப்புக்குப் பஞ்சம் இல்லைதான். கேமரன் மலையில் மழைக்கும் ஈரத்துக்கும் எதன்மேலும் காளான் பூக்கும். ரிங்லெட்டைத் தாண்டி உள்ளே போகும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே என் கைப்பையின் வாரில் பூத்துவிட்டது. கீழ்நாட்டிலிருந்து வந்தவளுக்கு வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? குளிர்கிறது என்று புலம்பலாம், அல்லது காளான் பார்க்கலாம். நான் இரண்டையும் செய்தேன்.

பத்துப் பதினைந்து வருடத்தில் பெயர் பரவிவிட்டது. கைப்பேசி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். கோலா தெர்லாவில் தக்காளி போடுகிறவர், தபால் நிலையத்தில் வேலை செய்கிறவர், முன்பின் தெரியாதவர்கள் என்று எல்லோரும் படம் அனுப்புவார்கள். ‘டீச்சர், சாப்பிடலாமா?’ இதுதான் எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஒருவர் அனுப்பியதைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது பாத்திரம் கழுவும் பஞ்சு. இன்னொருவர் தன் வீட்டு சோபாவின் அடியில் முளைத்ததை அனுப்பினார். சோபாவை வெயிலில் போடுங்கள் என்று எழுதினேன். ‘இங்கே வெயில் ஏது?’ என்று பதில் வந்தது.

தோட்டத்தில் ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு. மண்ணில் முளைப்பதற்குப் பயப்பட வேண்டும், மரத்தில் முளைப்பதற்குப் பயப்பட வேண்டாம். இது முழுத் தப்பு. மரத்தில் முளைப்பதிலும் விஷம் உண்டு. இதை உடைக்க வருடக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்பதோடு என் புத்தி நின்றுவிட்டது என்று இப்போதுதான் புரிகிறது.

நாலு கேள்வி

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. மரத்தில் ஒரு காளானைப் பார்த்தால் உடனே பிடுங்காதே. முதலில் நாலு கேள்வி கேள். எந்த மரம்? உயிர் மரமா, செத்த மரமா? கிளையிலா, நடுவிலா, அடியிலா? கடைசியாக, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்: குடைக்கம்பி மாதிரி செதில் இருக்கிறதா, ஊசியால் குத்திய மாதிரி துளை இருக்கிறதா?

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டி, வெள்ளைத் தாள்மேல் கவிழ்த்து, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடிவை. மறுநாள் தாளில் பொடி படிந்திருக்கும். அதன் நிறம் அடையாளம் சொல்லும். செல்வி கொண்டுவந்ததன் பொடி கோகோ நிறத்தில் படிந்தது. நோட்டில் அந்தத் தாளையும் ஒட்டினேன்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்த நாலு கேள்வியைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். உயிர் மரத்தின் அடியில் தட்டுத் தட்டாக முளைத்தால் என்ன அர்த்தம் என்றால், ‘உள்ளே தின்றுகொண்டிருக்கிறது டீச்சர்’ என்பார்கள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வெளியே தெரிகிற காளான் வெறும் பழம் மாதிரி. அதன் உடம்பு முழுக்க மரத்துக்குள்ளே நூல் நூலாக ஓடுகிறது. பழம் வெளியே வரும்போது உள்வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

செல்வி சொன்னதை நோட்டில் எழுதியவளும் நான்தான். அக்கேசியா. உயிர் மரம். அடி. துளை. இன்றும் அந்தப் பக்கம் இருக்கிறது. கையெழுத்து அழகாக இருக்கிறது.

சிவப்புக் குறி

எனக்கு இது புத்தகத்தில் மட்டும் வந்த அறிவாக இருந்திருந்தால், மறந்துபோச்சு என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்கும் வழி இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில், பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில். இதே வகைக் காளான் செம்பனைக்கு எமன். அதன் பெயர் கானோடெர்மா என்பது அங்கே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். அடியில் அது தென்பட்டால் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கிறவர், அந்த மரத்தில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போடுவார். குறி போட்ட மரத்துக்குக் கீழே யாரும் உட்கார்ந்து சோறு தின்னக் கூடாது. காற்று அடித்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஒருமுறை அப்படி ஒரு மரம் விழுந்ததைப் பார்த்தேன். காற்றே இல்லை. பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தோம். பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி சாய்ந்து படுத்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அடியில் வேர் என்று ஒன்றும் இல்லை. பஞ்சு பஞ்சாக உதிர்ந்தது. தலை மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது.

இதையும் பார்த்தவள் நான்.

பதினைந்து நாள்

செல்வி வந்து போன மறுவாரம் அவள் வீட்டுக்குப் போனேன், மீதி மூன்றையும் படம் எடுக்க. தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டுதான். மற்ற லைன் வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். செல்வியின் வீடு கடைசி. அதற்குப் பின்னால் சரிவு, சரிவின் விளிம்பில் அந்த அக்கேசியா. காற்றுத் தடுப்புக்காக எந்தக் காலத்திலோ நட்ட வரிசையில் மிஞ்சிய ஒரே மரம். வீட்டின் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது.

மணியம் அன்று விழித்திருந்தார். கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூர் சந்தைக்கு இரவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர், பகலில்தான் தூக்கம். அதிகம் பேசாத மனிதர். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரத்தை வெட்டச் சொல்லி ஆபீசில் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், மானேஜர் சரி என்று சொல்லிவிட்டதாகவும், வியாழக்கிழமை ஆட்கள் மெஷினோடு வருவார்கள் என்றும் சொன்னார்.

எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. மரத்துக்காக அல்ல. அந்த மாதக் கடைசியில் பள்ளியில் அறிவியல் வாரம். பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து, மரத்தோடு ஒட்டியிருக்கும்போதே இந்தக் காளானைக் காட்ட வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். மற்ற பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வருவார்கள். காளான் டீச்சரின் பெருமை ஊருக்குத் தெரிய வேண்டாமா?

அங்கேயே கைப்பேசியை எடுத்துக் கிராணியைக் கூப்பிட்டேன். தோட்டத்து ஆபீஸ் கணக்கரை இங்கே இன்னும் கிராணி என்றுதான் சொல்கிறோம். அவர் பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். பதினைந்து நாள் மட்டும் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். பிள்ளைகள் படிப்புக்காக என்றேன். டீச்சர் கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

செல்விக்குச் சந்தோஷம். தன் வீட்டு மரத்தைப் பார்க்க ஒரு பள்ளிக்கூடமே வரப்போகிறது என்று சிரித்தாள். மணியம் மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் தூக்கம் கெட்ட எரிச்சலில் இருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

மரம் ஏன் சாய்ந்திருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லையா? இதைத்தான் என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். போன் போடுவதற்கு முன், கீழே குனிந்து படம் எடுத்தபோதே, வேர்ப்பக்கத்து மண்ணில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. பார்த்தேன். செம்பனைத் தோட்டம் ஒரு கணம் வந்து போனது. பதினைந்து நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

படத்தோடு வந்த கேள்வி

பதினோராவது நாள் மழை. இங்கே மழை என்பது செய்தியே இல்லை. அன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது மதியம் ஆகியும் விடவில்லை. பள்ளியில் விளக்குப் போட்டுத்தான் பாடம் நடந்தது.

பிற்பகலில் கைப்பேசி நடுங்கியது. வழக்கம் போல ஒரு படம். லைன் வீடுகளில் குடியிருக்கும் ஒரு பெண் அனுப்பியிருந்தாள். நல்லவள், ஒன்றும் தெரியாமல் அனுப்பினாள். பிய்ந்து மேலே தூக்கிய வேர்க்கட்டு, சேறு, அதில் ஒட்டியபடி அந்த மூன்று காளான்கள். மழையில் கழுவி, முன்னைவிட நன்றாக மின்னின. கீழே எழுதியிருந்தாள்: ‘டீச்சர், விழுந்த மரத்தில் இருக்கு. இது என்ன காளான்?’

நான் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பொம்பா வண்டி வந்துவிட்டது. தீயணைப்பு ஆட்கள் கிளைகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை நடுவில் மடிந்து தரையைத் தொட்டிருந்தது. பின்னறையில்தான் அவர் பகலில் படுப்பார். வெளிச்சம் குறைவு, சத்தமும் வராது.

செல்வி கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருந்திருக்கிறாள். யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்து இறங்கியவள் அழவில்லை. கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தூங்கிட்டுத்தான் இருந்திருப்பாரு, இல்ல டீச்சர்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு பதிலுக்கு மட்டும் நான் வெட்கப்படவில்லை.

அறுத்துப் போட்ட அடித்துண்டைப் பார்த்தேன். நடுவில் என் இரண்டு கையும் நுழைகிற அளவுக்குக் கூடு. பஞ்சு பஞ்சாக, வெள்ளையாக, ஈரமாக. கையை விட்டுப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வாசனை ஒன்றும் மோசமாக இல்லை. சாதாரணக் காளான் வாசனை.

கருமாதி அன்று

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாவைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகப் பேசிக்கொண்டார்கள். மானேஜர் மெத்தனம் என்றார் ஒருவர். மரத்தடியில் எப்போதோ சூலம் இருந்தது, அதை எடுத்ததுதான் காரணம் என்றார் இன்னொருவர். கிராணி என் பக்கம் திரும்பவே இல்லை. என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த நல்ல மனம் என்னை இன்னும் கேவலமாக உணரவைத்தது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது செல்வி என்னைத் தனியாக அழைத்தாள். பாத்திரம் கழுவும் குழாயடிக்குப் போனோம்.

“ஒண்ணு கேக்கணும் டீச்சர். அடியில அந்தக் காளான் வந்தா மரம் விழும்னு முன்கூட்டியே தெரியுமா?”

பதினாறு நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதில்கூடத் தயார் செய்திருந்தேன். தெரியும், நான் சொல்லவில்லை, மன்னித்துவிடு. மூன்றே வாக்கியம். வாய் திறந்தது, வேறு வந்தது.

“அப்படியெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாது செல்வி. எத்தனையோ மரம் வருஷக்கணக்கா நிக்கும்.”

வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதன் அசிங்கம். அவள் குழாயைத் திருகி மூடினாள். பிறகு, “அப்ப யாருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றாள். முகம் கொஞ்சம் இளகியது. எனக்காகத்தான் இளகியது, என்னைக் குற்றம் சொல்லாமல் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று நன்றாகத் தூங்கவும் செய்தேன். 

பூக்கொட்டகை

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நான் ஓய்வு பெற்றேன். படம் அனுப்புகிறவர்களுக்கு இப்போது பதில் போடுவதில்லை. செல்வி கம்போங் ராஜாவில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். அங்கே ஒரு பூந்தோட்டத்தில் பூக்கட்டும் வேலை.

இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன் அவளைப் பார்க்கப் போனேன். பத்திரிகையில் படித்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் தங்கை வாராவாரம் இதை வாங்குகிறவள்.

மலைச்சாலையில் காய்கறி லோரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் காரைத் திருப்பிவிடலாம் என்று தோன்றியது. அவள் கொட்டகையில் நின்றபடி சாமந்திப் பூ ஒவ்வொன்றுக்கும் வலை உறை மாட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் வாங்கிவரப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன். குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று பயம்.

நின்றபடியே சொன்னேன். அன்று குழாயடியில் நீ கேட்டாய், நான் மழுப்பினேன். எனக்குத் தெரியும். அடியில் அது வந்தால் வேர் போய்விட்டது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். மண்ணில் விரிசலையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கிராணிக்குப் போன் போட்டேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவள் கையிலிருந்த பூவை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அவரும் அதத்தான் சொன்னாரு டீச்சர்,” என்றாள்.

மணியம் காய்கறி ஏற்றுவதற்கு முன் பலகை ஆலைக்கு மரக்கட்டை லோரி ஓட்டியவராம். அடியில் செண்டாவான், அதாவது மலாயில் காளான், முளைத்த மரத்தை ஆலையில் வாங்க மாட்டார்கள், உள்ளே கூடாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் ஆபீசில் எழுதிக் கொடுத்தார். மரம் விழுந்த அன்று காலை லோரியை விட்டுவிட்டு வந்ததும், மழைக்கு முன்னால் தானே இரண்டு ஆளை வைத்து வெட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

“நான்தான் கத்தினேன். டீச்சருக்குத் தெரியாதது லோரி ஓட்டுற ஒனக்குத் தெரியுமான்னு கேட்டேன். அவரு போயி படுத்துட்டாரு. நான் வேலைக்குப் போயிட்டேன்.”

அந்தக் குழாயடிக் கேள்வி என்னைப் பற்றியது என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன். அவள் அவரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். என் பதிலை வைத்து, யாருக்கும் தெரிந்திருக்காது என்பதைப் பிடித்துக்கொண்டுதான், அந்தக் காலையை அவள் ஒருவாறு கடந்திருக்கிறாள். அதையும் இப்போது வந்து பிடுங்கிவிட்டேன்.

மன்னித்துவிடு என்றேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மேசைமேல் கிடந்த பூக்களைப் பார்த்தபடி, என்னிடம் கேட்கிற மாதிரியும் இல்லாமல் கேட்டாள்.

“அவரு சொன்னது சரிதான்னு இப்ப நான் யார்கிட்ட டீச்சர் போயி சொல்றது?”